பெருசுங்க எறங்குனா பொடுசுங்க ஏறலாமா? பழைய மெட்டல் பேண்டுகளும் கிட்டார்காரங்களும்

ஆறாம்தந்தி (பீளமேடு), சனி இரவு 9.10

போன வாரம் எங்க ஊட்டு மொட்டை மாடியில ஒரு ஓரியாட்டம். இன்னும் தீரலைங்க, அதான் இங்க கொண்டாந்து போடறேன்.

எங்கிட்ட கிட்டார் கத்துக்க வர்ற பையன் ஒருத்தன், வயசு 19. ஜூடாஸ் பிரீஸ்ட்ங்கற இங்கிலாந்து மெட்டல் பேண்டோட 'பெயின்கில்லர்' பாட்டுல வர்ற ரெண்டு சோலோவையும் (தனியா வாசிக்கற கட்டம்), அந்த பேண்டு கிட்டார்காரங்க டிப்டன் பங்கு டவுனிங் பங்கு ரெண்டையும், ஒரு சுரம் பிசகாம வாசிச்சுக் காட்டுனான். எனக்கு 47 ஆச்சு. அந்த ஸ்வீப் பிக்கிங் (பிக்க ஒரே இழுப்புல தந்திங்க மேல ஓட்டறது) இன்னிக்கும் நூத்துக்கு அறுவதுதான் கைக்கு வருது. வாசிச்சு முடிச்சு கிட்டாரக் கீழ வெச்சவன், "இவ்வளவுதானுங்ணா. அவங்கெல்லாம் ரிட்டயர் ஆனா ஆயிட்டுப் போகட்டும், நாங்க இருக்கறமல்ல"ன்னுட்டான். எனக்குப் பொக்குனு ஆயிடுச்சு. அவன் சொன்னது தப்புன்னு தோணுது. ஆனா எங்க தப்புன்னு சொல்லத் தெரியல.

இதுக்கு எடுத்துக்காட்டு ஜூடாஸ் பிரீஸ்ட்தான். கே.கே. டவுனிங் பேண்டு ஆரம்பிச்ச காலத்துல இருந்து இருந்தவரு. டிப்டன் வந்தது 1974ல. ரெண்டு பேரும் கிட்டத்தட்ட 37 வருசம் மேடையில அக்கட்ட ஒருத்தர் இக்கட்ட ஒருத்தர்னு நின்னாங்க. 2011ல டவுனிங் வெளிய போனாரு. ரிச்சி ஃபாக்னர் உள்ள வந்தாரு. அப்ப அவருக்கு 31. டவுனிங்குக்கு 59. 2018ல டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய்னு பேண்டே வெளிய சொல்லிடுச்சு. டூருக்கு அவரு எடத்துல ஆண்டி ஸ்னீப் வாசிக்கறாரு. ஆக, மேடையில இருக்கற ரெண்டு கிட்டாருமே மாறிப்போச்சு. அது பிரீஸ்ட்தானா?

வேகம், சுத்தம் பத்தி எனக்குச் சண்டையே இல்லீங்க. அதுல இந்தக் காலத்துப் பசங்க எச்சு. என் கேள்வி வேற. விரல மாத்திக்கலாம். எடத்த மாத்த முடியுமா?

சோமனூர்தறி (சோமனூர்), சனி இரவு 9.26

31 வயசுல இளவட்டமா? எங்கூர்ல அந்த வயசுக்கு ரெண்டு கொழந்தைக்கு அப்பன், தறி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டுட்டு சுத்திட்டிருப்பானுங்க.

ஈரோட்டுக்காரி (ஈரோடு), சனி இரவு 9.41

அந்தப் பையன் பக்கம் நான் பேசறேனுங்ணா. எனக்கு 21.

இப்ப பெருசுன்னு நீங்க கும்பிடறவங்க எல்லாரும் உள்ள வந்தப்ப என்ன வயசு? 1983ல கிட்டார்காரரு மஸ்டைனத் தாட்டி விட்டுட்டு மெட்டாலிகா கூட்டியாந்த கர்க் ஹாமெட்டுக்கு 20. பாடகரு ஓசி ஆஸ்போர்ன்கிட்ட கிட்டாருக்கு ஜாக் வைல்டு 1987ல சேர்ந்தப்ப 20. மைக்கேல் ஷெங்கர் ஸ்கார்ப்பியன்ஸ் பேண்ட விட்டு யுஎஃப்ஓ பேண்டுக்குப் போனப்ப 18. பாடகரு டியோவோட பேண்டுல 1983ல விவியன் கேம்ப்பெல்லுக்கு 20தான், அதே எடத்துக்கு 1989ல வந்த ரோவன் ராபர்ட்சன் அதவிடச் சின்னப் பையன்.

ஹெவி மெட்டலே பொடுசுங்க கட்டுன ஊடுங்க. அவங்களுக்கு வயசானதும் திண்ணையில உக்காந்துட்டு "உள்ள வராத"ன்னு சொன்னா எப்படி? ஓசியோட மொதக் கிட்டார்காரரு ரேண்டி ரோட்ஸ் 1982ல விமான விபத்துல போறப்ப 25. அவரு எடத்துல நின்னவங்கள அப்ப யாரும் ஏத்துக்கலைன்னா ஜாக் வைல்டுன்னு ஒரு ஆளே நமக்குக் கெடைச்சிருக்க மாட்டாரு.

மார்ஷல்மாமா (பொள்ளாச்சி), சனி இரவு 9.58

கண்ணு, நீ சொன்ன கணக்கு செரி. ஆனா அவங்கெல்லாம் சேர்ந்தப்ப பேண்டும் பொடுசுதான். ஹாமெட் சேர்ந்தப்ப மெட்டாலிகா ஒரு ஆல்பம் கூட போட்டிருக்கல. வளர்ற செடிக்கு ஒட்டுப் போடறது வேற, அறுவது வருசத்துப் புளியமரத்துல கொண்டு போய் ஒட்டுப் போடறது வேற.

இப்ப நடக்கறது என்னன்னு நான் சொல்லட்டுமா? ரோட்டு மேல ஒரு மெஸ் இருக்கும். பேரு அதே பேரு, போர்டு அதே போர்டு, கல்லாவுல அதே குடும்பம். மாஸ்டர் மட்டும் மாறியிருப்பாரு. முதல் வாய் வெக்கறப்பவே தெரிஞ்சு போகும். ஆனாலும் கூட்டம் வருது, போர்டப் பாத்து வருது. டூரும் அப்படித்தான் ஓடுது. டிக்கெட்டு பேருக்கு விக்குது.

ஈரோட்டுக்காரி, சனி இரவு 10.06

போர்டப் பாத்து டூருக்கு வரலாம், புது ஆல்பத்த எதுக்கு மாமா காசு குடுத்து வாங்கறாங்க? ஃபாக்னர் வந்தப்பறம் 2014ல வந்த 'ரிடீமர் ஆஃப் சோல்ஸ்' அமெரிக்கா ஆல்பம் விற்பனைப் பட்டியல்ல ஆறாம் எடம். 2018ல 'ஃபயர்பவர்' அஞ்சாம் எடம். டவுனிங் இருந்த 'பிரிட்டிஷ் ஸ்டீல்' காலத்துல கூட அவங்க அங்க முதல் பத்துக்குள்ள வந்ததில்ல. புது மாஸ்டர் வந்தப்பறம் மெஸ்ஸுல கூட்டம் எச்சாயிருக்குது பாருங்.

மார்ஷல்மாமா, சனி இரவு 10.11

1980ல யாரு எத்தன ரெக்கார்டு வாங்குனாங்க, 2018ல யாரு எத்தன வாங்குனாங்க? இன்னிக்கு ஆல்பமே விக்காத காலம். கொஞ்சம் வித்தாலே அஞ்சாம் எடம் வரலாம். எடத்தச் சொல்லி என்னய மடக்காத.

(ஆனா 'ஃபயர்பவர்' நல்ல ஆல்பம்தான். அத நான் இல்லைங்கல.)

பவர்பிரஸ் (கணபதி), சனி இரவு 10.30

நான் ஒண்ணு சொல்றேன். எங்க பட்டறையில மோட்டாருக்கு ஃபேன் கவர் அடிக்கறம். பவர் பிரஸ்ஸுல ஷீட்ட வெச்சு மிதிக்கணும். அதனால பிளாக் சாபத் பேண்டு கிட்டார்காரரு டோனி அயோமி கதையப் படிக்கறப்பெல்லாம் எனக்கு வயித்தக் கலக்கும்.

பர்மிங்ஹாம்ல ஷீட் மெட்டல் கம்பெனியில வேலை. 17 வயசு. அன்னிக்கு அவருக்குக் கடைசி நாள். அடுத்து பேண்டோட வெளியூர் போற ஏற்பாடு. மெஷின் வலது கையில நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியையும் கொண்டு போயிடுச்சு. இடது கைக்காரரு, அதனால ஃப்ரெட்ட அமுத்தற கையே அதுதான். வேற ஆளா இருந்தா கிட்டார வித்துட்டு வேற சோலிக்குப் போயிருப்பான். இவரு பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சாரு, மேல தோல் ஒட்டுனாரு. கனமான தந்தி வலிக்குதுன்னு மெலிசுத் தந்தி போட்டாரு. அப்பறம் தந்தியையே தளர்த்திக் கீழ எறக்குனாரு. 1971ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில சுருதி ஒண்ணரை ஸ்டெப் எறங்கியிருக்கும். நாம மெட்டல்னு சொல்ற அந்தக் கனமான சத்தத்துல பாதி அந்த ரெண்டு விரல்ல இருந்து வந்ததுங்க.

இப்பச் சொல்லுங்க, முழு விரல் பத்தும் இருக்கற ஒரு பையன் அத வாசிச்சா அதே சுரம் வரும். அதே சத்தம் வருமா? பிளாக் சாபத்துல பாடகரு மாறியிருக்காரு, டிரம்ஸு மாறியிருக்குது, பேஸு மாறியிருக்குது. எல்லா ஆல்பத்துலயும் இருந்தது அயோமி ஒருத்தருதான். 2025 ஜூலை 5ல வில்லா பார்க்ல கடைசியா, பேண்ட ஆரம்பிச்ச நாலு பேரும் ஒண்ணா நின்னாங்க. அதோட செரி. பதினேழு நாள்ல அதோட பாடகரு ஓசி போய்ச் சேர்ந்துட்டாரு. அயோமிக்குப் பதில் ஆள் தேடலாம்னு யாராவது பேசுனாங்களா? பேசவே மாட்டாங்க.

ஆறாம்தந்தி, சனி இரவு 10.44

பவர்பிரஸ்ஸு, டிப்டனும் இளவயசுல ஸ்டீல் கம்பெனியில வேலை பாத்த ஆளுதாங்க. அந்த ஊர் சத்தமே வேற. நம்ம சிங்காநல்லூர், கணபதி பக்கம் நடந்தாக் கேக்குமல்ல, லேத்து, ஃபவுண்டரி, பஞ்சாலைச் சங்கு? அதுல வளர்ந்த ஒருத்தன் கோயமுத்தூர்ல இப்படி ஒரு பேண்டு கட்டியிருக்கணும். நாம கட்டாம விட்டுட்டு 'மான்செஸ்டர்'னு பேரு மட்டும் வெச்சுக்கிட்டோம். செரி, பேச்சு எங்கியோ போகுது.

மிக்சர்பொட்டி (திருப்பூர்), சனி இரவு 11.15

இருவது வருசமா லைவ் சவுண்டு பண்றேன். கோயில் நோம்பி ஆர்க்கெஸ்ட்ராவும் பண்ணுவேன், காலேஜ் ராக் ஷோவும் பண்ணுவேன். டோன் பத்திக் கவலையே படாதீங்க. இப்ப இருக்கற டிஜிட்டல் மாடலர்ல (ஆம்ப் சத்தத்த அப்படியே குடுக்கற பொட்டி) பழைய ஆம்ப அப்படியே புடிச்சு வெச்சுக்கலாம். கூட்டத்துல பின்னால நிக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

நீங்க எல்லாரும் லீடயே, சோலோ வாசிக்கற கிட்டாரயே பேசறீங்க. லீட மாத்தறது சுளுவு. சோலோ எழுதி வெச்ச பாட்டு மாதிரி, கத்துக்கலாம். பாட்டு முழுக்கக் கூடவே ஓடற ரிதம் கிட்டார் அப்படியில்ல. அது டிரம்ஸோட எப்படி ஒட்டுதுங்கறதுலதான் பேண்டே இருக்குது. தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்ன அடிக்கறானா, பின்ன அடிக்கறானா? அந்த மயிரிழைய எந்தப் பொட்டியிலயும் புடிக்க முடியாது. ஏசி/டிசி மெட்டல் இல்லைன்னு சண்டைக்கு வராதீங்க, உதாரணத்துக்குச் சொல்றேன். அவங்க ரிதம் கிட்டார்காரரு மால்கம் யங்குக்கு ஞாபக மறதி நோய் வந்து 2014ல ஒதுங்குனப்ப யாரக் கொண்டாந்தாங்க? வெளியாள் இல்ல, அண்ணன் மகன் ஸ்டீவி. 1988லயே ஒரு டூர்ல மால்கம் எடத்துல நின்னவரு. லீடு வாசிக்கற மால்கம் தம்பி ஆங்கஸ் சித்தப்பன், ஸ்டீவி மகன், ஆனா ரெண்டு பேருக்கும் ரெண்டு வயசுகூட வித்தியாசம் இல்ல! பொடுசு எங்க வந்துச்சு இதுல?

உண்மையப் பாத்தா பெரிய பேண்டுங்க பெரும்பாலும் சின்னப் பசங்களத் தேடறதே இல்ல. ஸ்லேயர்ல ஹான்மனுக்கு 2011ல ஒடம்பு முடியாமப் போனப்ப வந்தது எக்ஸோடஸ் பேண்டோட கேரி ஹோல்ட், அதே தலைமுறை. சாக்ஸன்ல பால் குவின் 2023ல டூர் போதும்னப்ப வந்தது டயமண்ட் ஹெட்டோட பிரையன் டாட்லர், 1960ல பொறந்தவரு. ஸ்னீப்பும் 1969. அயர்ன் மெய்டன்ல ஏட்ரியன் ஸ்மித் 1990ல போனப்ப வந்த யானிக் கெர்ஸும் ஸ்மித்தும் ஒரே வருசம், ஒரு மாசம் முன்னபின்ன பொறந்தவங்க. ஃபாக்னர் மாதிரி நிசமாலுமே ஒரு தலைமுறை தள்ளி வந்தவங்க கம்மி. மெகாடெத்துக்கு 2023ல வந்த டீமு மான்டிசாரி அப்படி ஒருத்தரு, 1987ல பொறந்தவரு.

மார்ஷல்மாமா, சனி இரவு 11.32

மெய்டன் பேர எடுத்தாச்சு, இனித் தூக்கம் வராது.

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். பொள்ளாச்சியில இருந்து ஏழு பேரு ராத்திரி பஸ்ஸுல போனம். ஊட்டுல சொன்னது, சொந்தக்காரர் ஊட்டுக் கண்ணாலம்னு. மேடையில மூணு கிட்டாரு. முர்ரே, ஸ்மித், கெர்ஸ். அதப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரே கருத்துதான். ஸ்மித் 1999ல திரும்பி வந்தப்ப கெர்ஸ வெளிய போன்னு சொல்லாம மூணு பேரா வெச்சுக்கிட்டாங்க பாரு, அதுதான் மனுசத்தனம். ஒம்பது வருசம் எடத்தக் காப்பாத்திக் குடுத்தவன அனுப்பல.

அதே பிரீஸ்ட் 2022 ஜனவரியில என்ன பண்ணுச்சு? ஸ்னீப் வேணாம், ஒத்தக் கிட்டாரோட ஃபாக்னர் மட்டும் டூர் வருவாருன்னு அறிவிச்சாங்க. ரெட்டைக் கிட்டாருக்கே பேர் போன பேண்டு! ஆளாளுக்குத் திட்டுனதுல சில நாள்லயே மாத்திக்கிட்டாங்க. ரசிகனுக்கு ஆளு மாறுனது கூட பெருசில்ல, ரெண்டு கிட்டார் ஒண்ணாகறதத்தான் தாங்க முடியல.

ஆறாம்தந்தி, ஞாயிறு காலை 6.50

மாமா, நீங்க சொன்ன கடைசி வரியில எனக்கு விசயம் பிடிபட்டுச்சு.

'தி சென்டினல்' கேட்டுப் பாருங்க, 1984. சோலோ ஒருத்தர் வாசிச்சு முடிக்கறதில்ல. டவுனிங் நாலு வரி, டிப்டன் நாலு வரி, திரும்ப டவுனிங். டவுனிங் கத்துவாரு, விப்ரேட்டோ கம்பியப் புடிச்சு அமுக்கி அலற வெப்பாரு. டிப்டன் கணக்குப் போட்ட மாதிரி, பாடற மாதிரி பதில் சொல்லுவாரு. பக்கத்து ஊட்டு ரெண்டு கெழவிங்க வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு சண்டை போடற மாதிரி. அந்தச் சண்டைதான் பிரீஸ்ட். ஒருத்தரு போனா பாதி கிட்டார் போகறதில்ல, பேச்சே நின்னு போகுது. புதுசா வர்றவன் டவுனிங் பேசுன வார்த்தைய மனப்பாடமா ஒப்பிச்சா அது பேச்சா? அவன் தன் வாயால பதில் சொல்லணும். அதுக்கு அவனுக்கு எடம் குடுக்கணும்.

ஃபாக்னருக்குக் குடுத்தாங்க. 'ரிடீமர்'ல இருந்தே பாட்டு எழுதுன பேர்ல பாடகரு ஹால்ஃபோர்டு, டிப்டன், ஃபாக்னர்னு மூணு பேரு இருக்கும். இதுக்கு நேர் எதிரா ஜேக் இ. லீயப் பாருங்க. 1983ல ஓசியோட 'பார்க் அட் த மூன்' ஆல்பம் முழுக்க அவரு கிட்டாருதான். எழுதுனவர் பேரு ஓசி மட்டும்னுதான் அச்சாச்சு. 1986ல அடுத்த ஆல்பத்துலதான் லீ பேரு வந்துச்சு. பேரு போடாம வாசிக்க வெச்சா அவன் கூலிக்கு வந்த ஆளு. பேரு போட்டா பேண்டுக்காரன். என் மாணவனுக்கு இதச் சொல்லோணும்.

உடுக்கைக்காரன் (தாராபுரம் பக்கம்), ஞாயிறு காலை 8.15

நான் மெட்டல் கேக்கறது கம்மி, தம்பி பையன் இந்த இழைய அனுப்புனான். ஆனா நீங்க பேசறது எங்க சோலியாவே இருக்குதுங்க.

எங்க அப்பாரு உடுக்கை அடிச்சு அண்ணமார் சாமி கதை பாடுவாரு. ராத்திரி ராத்திரியாப் போகும், கடைசியில படுகளம், அண்ணமாருங்க சண்டையில சாயற கட்டம். அவருக்குத் தொண்டை போனப்பறம் அவருகிட்ட பின்பாட்டுப் பாடிட்டிருந்த ஒருத்தரு முன்னால உக்காந்தாரு. மொத வருசம் ஊர்க்காரங்க மொகத்தச் சுளிச்சாங்க. "குரல் ஆகாது", "இழுவை பத்தாது"ன்னு. ஏன்னா அவரு அப்பாரு மாதிரியே பாடப் பாத்தாரு. அப்பாரு என்ன பண்ணுனாரு தெரியுங்களா, அடுத்த வருசம் அவரே பின்னால போய் உக்காந்து பின்பாட்டுக்காரரா ஆயிட்டாரு. ஒரு எடத்துல சீடன் அடிய மாத்திப் பாட, அப்பாரு சிரிச்சுட்டே அதே மாத்துன அடியத் திருப்பிச் சொன்னாரு. அவ்வளவுதான், ஊரே ஏத்துக்கிச்சு. அந்த வருசம் படுகளத்துல சாமி வந்து விழுந்தவங்க எத்தனை பேரு!

கடைசி வருசம் அப்பாருக்குக் கை நிக்கல, உடுக்கைய மடியில வெச்சுட்டு ஒக்காந்திருந்தாரு. கடைசி ராத்திரிக்கு மட்டும் ரெண்டு அடி பாடுனாரு.

சோமனூர்தறி, ஞாயிறு காலை 9.02

ஐயா, நீங்க எழுதுனதப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

எங்க அய்யனுக்கு அதே நோய்தானுங்க, பார்க்கின்சன். முப்பது வருசம் தறி ஓட்டுன கை. அறுந்த இழைய முடி போடறத நீங்க பாத்திருக்கோணும், கண்ணு அந்தப் பக்கம் இருக்கும், முடி விழுந்திருக்கும். இப்ப டம்ளரு பிடிக்க ஆகறதில்ல. ஆனா தறி ஓடற சத்தம் மாறுனா இன்னிக்கும் அவருக்குத்தான் முதல்ல தெரியும். கட்டில்ல இருந்தே "நாலாம் தறியப் பாரு"ங்கறாரு.

2018 டூர்ல டிப்டன் முழுசா வாசிக்கல, கடைசியில மூணு பாட்டுக்கு மட்டும் மேடைக்கு வந்தாரு. 'மெட்டல் காட்ஸ்', 'பிரேக்கிங் த லா', 'லிவிங் ஆஃப்டர் மிட்நைட்'. அந்த வீடியோவ நான் முழுசாப் பாத்ததில்ல. பக்கத்துல ஃபாக்னர் அவரு மேல ஒரு கண்ணு வெச்சுட்டே வாசிக்கறாரு. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நானும் எங்க அய்யன அப்படித்தான் பாக்கறேன்.

அதனால அந்தாளு அந்த எடத்துக்குப் பொருத்தமா இல்லையான்னு நீங்க பேசிக்குங்க. எனக்கு ஃபாக்னரப் புடிச்சுப் போச்சு.

ஈரோட்டுக்காரி, ஞாயிறு காலை 9.40

தறி அண்ணா...

ஒண்ணு சொல்லிக்கறேன். பொடுசுன்னா ஒடம்பு கெட்டின்னு யாரும் நெனைக்காதீங்க. 2021 செப்டம்பர்ல கென்டக்கியில மேடை மேல ஃபாக்னருக்கு நெஞ்சுக்குள்ள மகாதமனி கிழிஞ்சுது. 'பெயின்கில்லர்' வாசிச்சிட்டிருக்கறப்ப. பாட்ட முடிச்சிட்டுத்தான் எறங்குனாரு. பத்து மணி நேரத்துக்கு மேல ஆபரேசன். அப்ப அவருக்கு 41, பாடுன ஹால்ஃபோர்டுக்கு 70. டூரு நின்னது சின்னவரால.

பவர்பிரஸ், ஞாயிறு காலை 9.55

அது எனக்குத் தெரியாம இருந்துச்சு. அந்த வீடியோ இருக்குதா?

மார்ஷல்மாமா, ஞாயிறு காலை 10.10

இருக்குது. பாக்காத. சோலோ நல்லாத்தான் இருக்கும், அப்பறம் அந்த மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்கும்.

இவ்வளவு பேசியும் நான் எறங்கி வரல. பேரு போட்டு எழுத எடம் குடுத்தா அது பழைய பேண்டோட தொடர்ச்சிங்கறீங்க. நான் சொல்றேன், அது நல்ல புது பேண்டு, பழைய பேரு வெச்சிருக்குது. ரெண்டும் தப்பில்ல. டவுனிங்கே கேகே'ஸ் பிரீஸ்ட்னு தனிக்கடை போட்டு 2021ல ஆல்பம் போட்டாரு. 2022ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விருது மேடையில எல்லாரும் ஒண்ணா வாசிச்சாங்க. எனக்கு அது போதும்.

மிக்சர்பொட்டி, ஞாயிறு காலை 10.22

பேசுனது போதும், வாசிக்கலாமா? அடுத்த ஞாயிறு எங்க குடோன் காலி. 'தி சென்டினல்' எடுத்துக்கலாம். டிரம்ஸு, பேஸு நான் பாத்துக்கறேன். பாட ஆளு இல்ல, அதப் பின்ன பாக்கலாம்.

ஈரோட்டுக்காரி, ஞாயிறு காலை 10.25

டிப்டன் பங்கு எனக்கு. யாரும் கேக்கக் கூடாது.

ஆறாம்தந்தி, ஞாயிறு காலை 10.31

டவுனிங் பங்குக்கு என் மாணவன வரச் சொல்றேன். ஆனா ஒரு நிபந்தனை, ரெண்டு பேரும் ரெக்கார்டுல இருக்கற மாதிரி வாசிக்கக் கூடாது. அம்மணி வாசிக்கறதக் கேட்டுட்டு அவன் பதில் சொல்லணும். நான் பின்னால ரிதம். மாமா, உங்க ஆம்ப் வருமல்ல?

மார்ஷல்மாமா, ஞாயிறு காலை 10.47

ஆம்ப் வரும். வேன்ல ஏத்தி எறக்க அந்தப் பையன அனுப்பு. எனக்கு இடுப்பு ஆகாது.